டச்சுக்காரப் பெண்ணின் கல்லறைக்கு நான் வெள்ளையடித்த நாள்

காலை ஒன்பது மணி பத்து நிமிடம் வரைக்கும் இந்தியாவுக்கும் நெதர்லாந்துக்கும் இடையே எந்தப் பிரச்சினையும் இல்லை. ஒன்பது பதினொன்றுக்கு என் மைத்துனன் செல்வின் தன் ஸ்கூட்டரைத் தூத்துக்குடியின் பழைய கல்லறைத் தோட்டத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போதும் எங்காவது புதுச் சுவரிலிருந்து ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தால் என் உள்ளங்கை வேர்த்துவிடும். நான் நாசரேத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கும் வாத்தியார். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துப் பூசினால் அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாக இறுகிவிடும் என்பதை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தவன். (இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் கேவலமாக இருக்கும்.)

என் மகள் பியூலாவுக்குக் கல்லுக்கு வைத்தியம் பார்க்கும் வேலை. எங்கள் ஊரில் பிள்ளைகள் டீச்சர் ஆவார்கள், நர்ஸ் ஆவார்கள், மிஞ்சிப் போனால் இன்ஜினியர் ஆவார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வெளியே வரும்போது யாராவது "மக என்ன செய்யுதா?" என்று கேட்டால், "பழைய கல்லையெல்லாம் பாதுகாக்கிற படிப்பு படிச்சிருக்கா" என்பேன். அவர்கள் என்னைப் பார்க்கும் பார்வையில், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டது போல ஒரு பரிவு இருக்கும்.

அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை தூத்துக்குடியில். முத்துக்காக இந்தக் கரைக்குப் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். அவர்களைத் துரத்திவிட்டு டச்சுக்காரர்கள் வந்தார்கள். அப்புறம் ஆங்கிலேயர். எல்லாருமே முத்தை எடுத்துக்கொண்டு, சில கல்லறைகளை மட்டும் நமக்கு விட்டுவிட்டுப் போனார்கள். டச்சுக்காரர்கள் இலங்கையிலும் அப்படித்தான் விட்டுப்போயிருக்கிறார்கள். இப்போது நெதர்லாந்தும் இலங்கையும் நாமும் சேர்ந்து, கடலின் இரண்டு கரைகளிலும் கிடக்கிற அந்தக் கற்களைப் பராமரிக்கலாம் என்று ஒரு பேச்சு. அன்றைக்கு ஆண்டவர்களும் அன்றைக்கு ஆளப்பட்டவர்களும் ஒரே மேசையில் சரிசமமாக உட்கார்ந்து செய்யும் காரியம் என்று பியூலா சொல்வாள். சொல்லும்போது அவள் குரல் ஒரு சுற்று உயரும். எனக்குப் புல்லரிக்கும்.

மாதிரிக்கு இந்தத் தோட்டத்தில் ஒரு கல்லை அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். மாதக்கணக்கில் அதன் பக்கத்தில் மண்டியிட்டு, குழந்தைக்குப் பல் துலக்குவது போல அதைச் சுத்தம் செய்தாள். அன்று நெதர்லாந்துத் தூதரகத்திலிருந்து ஒரு மூத்த பெண் அதிகாரியும் கொழும்பிலிருந்து தொல்லியல் அதிகாரி ஒருவரும் துறைமுகத்தில் ஒரு கூட்டத்துக்கு வருகிறார்கள். மதியம் இந்தக் கல்லைப் பார்ப்பார்கள். பிடித்துப்போனால் மாலையே கையெழுத்து. இரண்டு கரை வேலைக்கும் பியூலாதான் பொறுப்பு. பிடிக்காமல் போனால் அந்த மாதக் கடைசியோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது, அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு நாசரேத்துக்குத் திரும்ப வேண்டியதுதான்.

விருந்தினர்களை அழைத்து வர அவள் துறைமுகத்துக்குப் போயாக வேண்டும். கல்லறைத் தோட்டத்துக்குக் காவல் நிற்க ஒரு நம்பிக்கையான ஆள் தேவைப்பட்டது. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட பதவி அது. ஆடு உள்ளே வராமல் பார்க்க வேண்டும், சருகைப் பெருக்க வேண்டும், கல்லைத் தொடக் கூடாது. கடைசி விஷயத்தை அவள் மூன்று தடவை சொன்னாள். (நான் தொடவில்லை. வெள்ளையடிக்கிற மட்டைதான் தொட்டது. இந்த வாதத்தை எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் ஏற்கவில்லை.)

அவளுக்குத் தெரியாமல் ஒரு கட்டு டர்க்கி டவலும் கொண்டுபோயிருந்தேன். விருந்தினர் வந்தால் துண்டு போர்த்தாமல் எப்படி?

செல்வின் என் மனைவியின் தம்பி. தூத்துக்குடியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறான். உலகத்தில் உள்ள எந்தக் குறையும் இரண்டு கோட் அடித்தால் சரியாகிவிடும் என்பது அவன் கொள்கை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

"அத்தான், இதப் பாக்கவா பிளேன் ஏறி வாராவ?"

ஆமாம் என்றேன்.

"அம்மிக்கல்லு மாரில்லா கெடக்கு. எங்க மாமியாளுக்கு கல்லறைத் திருநாளுக்கு நாங்க அடிக்க வெள்ளையப் பாத்திருக்கீயள்ல? கண்ணு கூசும்."

இது முந்நூறு வருஷக் கல், கறுப்பாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். அவன் யார் கல் என்று கேட்டான். அங்கேதான் நான் சறுக்கினேன். பியூலா எனக்குச் சொல்லியிருந்த கதையை அவனுக்குச் சொன்னேன். அது ஒரு டச்சு அதிகாரியின் மகளுடைய கல்லறை. கலியாண வயதில் காய்ச்சல் வந்து இறந்துபோனாள். கல்லை வெட்டி வைத்தது அவளுடைய அப்பா. அப்புறம் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், அவர் திரும்பி வரவே இல்லை.

செல்வின் ஹெல்மெட்டைக் கழற்றினான். "அப்ப அந்தப் புள்ளைக்கு ஆள் வாரது இதுதான் மொத தடவ. சொந்தக்காரங்க வார அன்னைக்கு இப்பிடியா போட்டு வப்பீய? தூத்துக்குடிக்காரனுவ நம்ம புள்ளய அநாதையாப் போட்டுட்டானுவன்னு அந்தம்மா ஊருல போயி சொல்ல மாட்டாளா?"

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாமல் போகலாம். எங்கள் பக்கத்தில் மும்பையிலிருந்தோ துபாயிலிருந்தோ சொந்தம் வருகிறது என்றால், முதல் வேலையாகக் கல்லறைக்கு வெள்ளையடிப்போம். வெள்ளை மங்கிய கல்லறை என்றால் அந்தக் குடும்பத்துக்குள் ஏதோ சண்டை என்று அர்த்தம். என் அம்மாவின் கல்லறைக்கு ஒரு வருஷம் நான் அடிக்கத் தவறியதற்கு என் அண்ணன் அடுத்த கிறிஸ்மஸ் வரைக்கும் போனை எடுக்கவில்லை. அந்த டச்சுக்கார அப்பாவை நினைத்துப் பார்த்தேன். அவரால் வர முடியாது. பெண்ணைப் பெற்ற நான் இங்கே சும்மா நிற்கிறேன்.

சுண்ணாம்பு செல்வின் கடையிலிருந்து பத்தே நிமிடத்தில் வந்தது. அவனே வாளியில் கரைத்தான், எடுப்பாக இருக்கக் கொஞ்சம் நீலமும் கலந்தான். மட்டையை நான் பிடித்தேன். முதல் கோட் கல்லுக்கு. இரண்டாவது கோட் என் மனத்திருப்திக்கு. எழுத்து, குடும்பச் சின்னம், ஓரத்துப் பூவேலை எல்லாம் ஒரே வெள்ளை. செல்வின் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, எழுத்துக்கு மட்டும் சில்வர் பெயிண்ட் விடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அன்று நான் எடுத்த ஒரே நல்ல முடிவு அதுதான். செவ்வந்தி மாலை போட்டோம், ஊதுபத்தி கொளுத்தினோம்.

தோட்டத்தை ஒட்டிய வீட்டு ரெஜினா அக்கா மதில்மேல் முழங்கையை ஊன்றி ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. என்ன, ஐஸ்பெட்டி மாரி இருக்கு" என்றார்.

நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு போட்டோ எடுத்துப் பியூலாவுக்கு அனுப்பினேன். கூடவே கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று.

உடனே போன் வந்தது. கூட்டத்திலிருந்து வெளியே வந்து பேசுகிறாள் என்பது எதிரொலியில் தெரிந்தது. குரல் மிக மெதுவாக இருந்தது. கோபப்பட்டால் கத்துகிறவர்களைப் பற்றி எனக்குப் பயமில்லை. அவள் என் மனைவியைப் போல. குரல் குறைந்தால்தான் பயப்பட வேண்டும்.

"அப்பா. அந்தக் கல்லு எங்க?"

"இங்கதாம்மா இருக்கு. வெள்ளைக்கு அடியில."

பிறகு அழாமல், திட்டாமல், ஒவ்வொன்றாகச் சொன்னாள். இறுகுவதற்குள் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் மட்டும், போர்வெல் தண்ணீர் கூடாது, அதிலிருக்கும் உப்பு கல்லுக்குள் இறங்கிவிடும். மெத்தென்ற துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. "சாயங்காலம்னா எல்லாம் முடிஞ்சிரும்பா" என்று மட்டும் கடைசியில் சொன்னாள். முடிவது சுண்ணாம்பா, அவள் வேலையா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்த நிமிடம்தான் வேதியியல் என் தலைக்குள் திரும்பி வந்தது. கரும்பலகையில் நான் எழுதிய சமன்பாடு என் கண்முன்னால் கல்லின்மேல் நடந்துகொண்டிருந்தது. காற்று படக் கூடாது, காயவும் கூடாது. செல்வினின் கடைச் சாக்குகளை நனைத்துக் கல்லை மூடினேன். ஓரமாக ஒரு கையளவு திறந்து கழுவுவது, மறுபடி மூடுவது. செல்வினுக்கு இதன் காரணத்தை விளக்க ஆரம்பித்தேன். "அத்தான், பாடம் பெறவு நடத்துங்க, தண்ணி எங்க?" என்றான்.

தூத்துக்குடியில் அந்தக் கேள்விக்கு யாரிடமும் சட்டென்று பதில் கிடையாது. கடைசியில் அவனே தெருமுனைக் கடையிலிருந்து கேன் தண்ணீரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். மூன்று நூற்றாண்டு வெயிலில் கிடந்த அந்தப் பெண்ணுக்கு மினரல் வாட்டரில் குளியல் ஆரம்பமானது. துணிக்கு என் டர்க்கி டவல்கள். ஒவ்வொன்றாக அவை பாலில் நனைத்தது போல ஆயின.

ரெஜினா அக்கா மதிலைவிட்டு நகரவில்லை. "எங்க முத்தயெல்லாம் அள்ளிட்டுப் போனவனுவ வீட்டுப் புள்ளைக்கு கேன் தண்ணி. எனக்கு மூணு நாளா கொழாயில காத்துதான் வருது" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போனவர் இரண்டு பழைய நூல் சேலைகளைக் கொண்டுவந்து மதில் வழியாக நீட்டினார். "துண்டு முரடா இருக்கு. இத வச்சு ஒத்துங்க. பொட்டப்புள்ள கல்லுல்லா."

எங்கள் பக்கத்தில் சொன்ன நேரத்துக்கு விருந்தினர் வந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? டச்சுக்காரர்கள் சொன்ன நேரத்துக்கும் முன்னாலேயே வந்துவிட்டார்கள். கல்லின் மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி இன்னும் சாக்குக்குள். என் கோலத்தைச் சொல்ல வேண்டாம். தலைமுடி, மூக்குக்கண்ணாடி, அந்த நாளுக்கென்று தைத்த முழுக்கைச் சட்டை எல்லாம் ஒரே நிறம்.

எங்கள் பள்ளியில் எந்த விழாவானாலும் விருந்தினருக்குத் துண்டு போர்த்துவது என் பொறுப்பு. கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் என் கை தானாக உயரும். பெண் விருந்தினர் என்றால் துண்டைப் பக்கத்தில் நிற்கும் டீச்சரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அன்று பக்கத்தில் நின்றது செல்வின்.

தூதரகத்து அம்மா ஆறடி உயரம், கறுப்புக் கோட். நான் துண்டோடு ஓடி வருவதைப் பார்த்ததும், மரியாதைக்காகத் தலையைக் குனிந்தார். குனிந்த கழுத்தில் நான் போர்த்தினேன். போர்த்திய பிறகுதான் என் கையிலிருந்தது எந்தத் துண்டு என்று உறைத்தது. கறுப்புக் கோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளை ஆறு இறங்கியது. அவர் நிமிர்ந்து, விமானத்தில் பழகிக்கொண்டு வந்திருந்த தமிழில் "நன்றி" என்றார்.

பியூலா கண்ணை மூடித் திறந்தாள்.

அவளோடு வந்திருந்த அவளுடைய சென்னை மேலதிகாரி அனுபவசாலி. கல்லையும் சாக்கையும் என்னையும் ஒரு பார்வையில் அளந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் தூதரகத்து அம்மாவிடம் ஆங்கிலத்தில், இந்தக் கடற்கரையில் கல்லைப் பாதுகாக்கப் பாரம்பரியமாகப் பூசப்படும் ஒரு மேற்பூச்சு இது, முக்கியமான நாட்களில் மட்டும் பூசுவார்கள் என்று விளக்கினார். பொய் என்றாலும் அழகாக இருந்தது. பூசிய நானே பாதி நம்பிவிட்டேன். கொழும்பு அதிகாரி தன் குறிப்பேட்டைத் திறந்து எழுதத் தயாரானார்.

இனி பியூலா ஒரு தலையை ஆட்டினால் போதும். வேலை நிலைத்துவிடும். என் மானமும் தப்பிவிடும். ஆட்டம்மா, ஆட்டு என்று நான் மனத்துக்குள் ஜெபித்தேன். (ஒரு பொய்க்காக ஜெபித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எங்கள் சபைப் பாதிரியார் ஐயரிடம் இதை நான் சொல்லவில்லை.)

"இல்லை மேடம்" என்றாள் பியூலா. "இது பாதுகாப்பு முறை இல்லை. இது எங்க அப்பா."

அவள் தொடர்ந்தாள். இந்தப் பகுதியில் உறவினர் வரும் நாளில் கல்லறைக்கு வெள்ளையடிப்பார்கள், உங்களை இந்தப் பெண்ணின் உறவினர் என்று நினைத்து என் அப்பா அதைச் செய்துவிட்டார், அது மரியாதைதான், ஆனால் இந்தக் கல்லுக்குக் கெடுதல், தடுக்கத் தவறிய பொறுப்பு என்னுடையது என்றாள். மேலதிகாரி தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குனிந்து சாக்கை விலக்கி, ஒரு விரலால் வெள்ளையைத் தொட்டு வழித்தாள். அது மாவாக விரலோடு வந்தது.

"அப்பா, சாக்கு எப்ப போட்டீங்க?"

"நீ போன வச்ச ஒடனே."

"ஈரம் காயவே விடலயா?"

"விடல."

ஒரே ஒரு தடவை தலையசைத்தாள். இத்தனை வருஷ ஆசிரியப் பணியில் கலெக்டர் கையால் வாங்கிய கேடயம் ஒன்று எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அந்தத் தலையசைப்பின் பக்கத்தில் வைக்க அதற்குத் தகுதி போதாது. "கல்லு தப்பிச்சிரும் மேடம், எப்படின்னு காட்டுதேன்" என்று ஆங்கிலமும் தூத்துக்குடியுமாகச் சொல்லிவிட்டு, நல்ல சேலையோடு அப்படியே மண்ணில் மண்டியிட்டாள்.

தூதரகத்து அம்மா கல்லின் தலைமாட்டுக்கு வந்தார். கழுவிய பகுதியில் கறுப்புக் கல்லின் எழுத்துப் பள்ளங்களுக்குள் மட்டும் சுண்ணாம்பு தங்கி, நின்ற இடத்திலிருந்தே படிக்கும்படி இருந்தது. அவர் தன் மொழியில் உரக்கப் படித்தார். அந்தப் பெண்ணின் பெயரை அவளுடைய ஊர்க்காரர் ஒருவர் சரியான உச்சரிப்பில் சொன்னதை அந்தத் தோட்டம் எத்தனை காலத்துக்குப் பிறகு கேட்டதோ. அந்தச் சுண்ணாம்பையும் எடுத்தே ஆக வேண்டும் என்றாள் பியூலா, என்னைப் பார்க்காமல். அவள் கண்டிப்பு அப்படி.

அப்போது தூதரகத்து அம்மா கழுத்திலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் மகளிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "எனக்கும் ஒரு அப்பா இருக்கிறார். நல்லவேளை, அவர் இதுவரை என் அலுவலகத்துக்கு வந்ததில்லை." சொல்லிவிட்டு அவரும் மண்டியிட்டார். தேய்க்கலாமா என்று கேட்டார். கூடாது, ஒற்றுங்கள் என்றாள் பியூலா. கொழும்பு அதிகாரி குறிப்பேட்டை மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டு ரெஜினா அக்காவின் சேலைத் துண்டு ஒன்றை எடுத்தார். செல்வின் தண்ணீர் ஊற்றினான். நெதர்லாந்தும் இலங்கையும் இந்தியாவும் ஒரு கல்லைச் சுற்றி உட்கார்ந்து, என் மகள் சொன்னபடி, நான் செய்ததைத் துடைத்துக்கொண்டிருந்தன. என்னைப் பக்கத்தில் வர விடவில்லை.

மாலையே கையெழுத்தானது. பியூலா இப்போது பாதி நாள் கொழும்பிலும் பாதி நாள் இங்கேயும் இருக்கிறாள். உண்மையைச் சொன்ன பிள்ளை கையில்தான் எங்கள் கற்களைக் கொடுக்க முடியும் என்று தூதரகத்து அம்மா மேடையில் பேசினார். அந்தப் பேச்சை நான் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். இப்போது கோயில் முடிந்து வெளியே வரும்போது யாரும் கேட்காமலே போட்டுக் காட்டுகிறேன்.

ஆனால் எங்கள் வீட்டில் இன்றும் எல்லாரும் சொல்லிச் சிரிப்பது மேடையில் சொன்னதை அல்ல. கல் முழுவதும் கறுப்பாகி எல்லாரும் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. விருந்தினர்களுக்குத் தூத்துக்குடியின் பேர்போன மக்ரூன் இனிப்பு வாங்கப் போய் வரிசையில் மாட்டிக்கொண்டிருந்த என் மனைவி கிரேஸ், பட்டுச்சேலையில் இரண்டு கையிலும் பார்சலோடு இறங்கினாள். ஈரக் கல்லைப் பார்த்தாள். துண்டும் கையுமாக நின்ற தூதரகத்து அம்மாவைப் பார்த்தாள். ஓரமாக வெயிலில் நின்றுகொண்டிருந்த என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். யாரிடமும் எதுவும் விசாரிக்காமல் மகளிடம் சொன்னாள்:

"ஏளா, கல்லக் கழுவுனது போதும். இறுகுறதுக்குள்ள உங்கப்பாவக் கழுவுங்க."